ஒன்பதாம் வகுப்பும் பாடம் தெரியாத பெற்றோரும்

(புனேயை அடுத்த கசார்வாடியில் தமிழ்ப் பெற்றோர் முன் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். இடைப்பேச்சுகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



'பத்தாம் வகுப்பில் வெற்றி' என்றுதான் எனக்கு முதலில் தலைப்புக் கொடுத்தார்கள். மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டேன். பத்தாம் வகுப்பைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பிம்ப்ரியிலிருந்து தாபோடி வரை சாலையோரத்தில் க்ளாஸ் (தனிப்பயிற்சி) நடத்துகிறவர்களின் பலகைகளைப் பாருங்கள், எல்லாவற்றிலும் 'தஹாவி'தான். அதற்கு முந்தைய ஆண்டை, நாம் இங்கே 'நவ்வி' என்று சொல்கிற ஒன்பதாம் வகுப்பை, யாரும் கண்டுகொள்வதில்லை. உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டு அதுதான்.

புனேயில் கல்வியைப் பற்றி மேடையேறுகிறவர்கள் 1848இல் சாவித்ரிபாய் பூலே பிடேவாடாவில் நடத்திய பெண்கள் பள்ளியிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்த வணக்கத்தை மனத்துக்குள் சொல்லிவிட்டு, நான் ஜூன் மாதத்திலிருந்து தொடங்குகிறேன். துகாராம் பால்கி (பல்லக்கு) ஊர்வலம் ஆகுர்டியில் தங்கிவிட்டு நம் சாலை வழியாகப் புனேக்குப் போகும் அந்தப் பருவத்தில்தான் இங்கே பள்ளிகளும் திறக்கின்றன.

நான் சொல்ல வந்தது ஒன்றே. படிப்பு நின்றுபோனது பத்தாம் வகுப்பில்தான் ஊருக்குத் தெரிகிறது. நிற்கத் தொடங்குவது ஒன்பதாம் வகுப்பில். அந்த ஓராண்டைப் பிள்ளை தாண்டிவருவதற்குப் பெற்றோருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வேறு சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். அவற்றை எண்ணிட்டுச் சொல்கிறேன்.

1. எட்டு முடிந்ததும் எவையெல்லாம் நிற்கின்றன

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைதான். அதாவது எட்டாம் வகுப்பு வரை. குலுக்கலில் பெயர் விழுந்து 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் ஆங்கிலப் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளின் பெற்றோர் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். அந்தக் கட்டண விலக்கு எட்டோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பின் முதல் வாரத்தில் பையில் ஒரு கட்டணச் சீட்டு வரும். எட்டு ஆண்டுகளாகக் கட்டாத தொகை, ஒரே தாளில்.

அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் மதிய உணவு எட்டோடு நிற்கிறது. இலவசப் பாடநூலும் எட்டோடு நிற்கிறது. தேர்வில் நிறுத்திவைக்கக் கூடாது என்ற காப்பும் அதே இடத்தில்தான் முடிந்தது. 2023இல் மகாராஷ்டிர அரசு விதியைத் திருத்தி ஐந்திலும் எட்டிலும் ஆண்டுத் தேர்வைக் கொண்டுவந்திருக்கிறது. அங்கே தவறினால் மறுதேர்வு எழுத வழி உண்டு. ஆனாலும் ஒரு பிள்ளைக்கு 'நாபாஸ்' (தோல்வி) என்ற சொல் உண்மையாக உறைப்பது நவ்வியில்தான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பலகையில் எழுதி வைக்க விரும்பும் பள்ளிகள் முந்தைய ஆண்டிலேயே வடிகட்டப் பார்ப்பதும் உண்டு.

இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. 14 நிறைந்தவரை ஆபத்தான தொழில்களில் மட்டும் வைக்கக் கூடாது என்கிறது. ஆக, எந்த வயதில் கட்டணமும் புத்தகச் செலவும் தோல்வி பயமும் ஒன்றாக வந்து சேர்கின்றனவோ, அதே வயதில் வேலைக்கான கதவு பாதி திறக்கிறது. போசரியில் பட்டறைகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "சும்மா லீவுல போறான் சார், செலவுக்கு ஆகும்" என்று தொடங்குவது தீபாவளிக்குப் பிறகும் நிற்காது.

நாடு முழுதும் எடுத்த கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. ஒன்றிய அரசின் 2021-22 பள்ளித் தரவின்படி தொடக்க வகுப்புகளில் இடைநின்றவர்கள் நூற்றுக்கு 1.5, ஆறு முதல் எட்டு வரை 3, ஒன்பது, பத்தில் 12.6. ஒரே படியில் நான்கு மடங்கு ஏறுகிறது. பிள்ளைகளின் அறிவு ஒரு கோடை விடுமுறையில் நான்கு மடங்கு மங்கிவிடவில்லை. கீழே பிடித்திருந்த கைகள் ஒரே நேரத்தில் விலகியிருக்கின்றன.

எனவே முதல் வேலை ஜூனில் இல்லை, அதற்கு முந்தைய ஜனவரியில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு நடக்கும்போதே பள்ளி அலுவலகத்துக்குப் போய், "நவ்விக்கு எவ்வளவு கட்டணும், எத்தனை தவணை?" என்று கேளுங்கள். மாநகராட்சிப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளை எட்டாம் வகுப்பில் எழுதக்கூடிய தேசிய வருவாய்வழி-தகுதி உதவித்தொகைத் தேர்வு ஒன்று உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மிகாதிருந்தால் எழுதலாம். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதை முதல் முயற்சியிலேயே தாண்டினால்தான் அது தொடரும். தனியார் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கிடையாது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. வருகைப் பதிவேடு

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் எலைன் ஆலன்ஸ்வொர்த், ஜான் ஈஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அங்கே உயர்நிலைப் பள்ளி ஒன்பதில் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பின் முடிவில் போதிய பாடங்களில் தேறி, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் வாங்காத பிள்ளைகளைப் 'பாதையில் இருப்பவர்கள்' என்று பிரித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 81 பேர் நான்காண்டில் பள்ளிப்படிப்பை முடித்தார்கள். பாதை தவறியவர்களில் 22 பேர்தான் முடித்தார்கள். எட்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தும் ஒன்பதில் சறுக்கியவர்களைவிட, குறைந்த மதிப்பெண்ணோடு வந்து ஒன்பதில் தாக்குப்பிடித்தவர்களே அதிகம் முடித்தார்கள் என்பது என்னை யோசிக்க வைத்த செய்தி.

2007இல் ஆலன்ஸ்வொர்த்தும் ஈஸ்டனும் காரணத்தைத் தேடினார்கள். ஒன்பதில் யார் தோற்பார் என்று முன்கூட்டிச் சொல்ல, பழைய மதிப்பெண்ணைவிட வருகைப் பதிவே பன்மடங்கு உதவியது.

சிகாகோவின் ஏழ்மையும் வன்முறையும் வேறு, கசார்வாடியின் கஷ்டம் வேறு. அந்த எண்களை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் வருகை என்பது நம் வீட்டுக்குள் தீர்மானமாகிற விஷயம். நம் பிள்ளைகள் எப்போது பள்ளிக்குப் போகாமல் இருக்கிறார்கள்? ஊரில் கோயில் கொடை என்று மே கடைசியில் போனவர்கள், திரும்ப ரயில் டிக்கெட் கிடைக்காமல் ஜூன் முடிவில் வருகிறார்கள். பொங்கலுக்கு இங்கே சங்கராந்தி விடுமுறை ஒரு நாள். நமக்குப் பத்து நாள். சைக்கிளில் இட்லி விற்கும் வீடுகளில் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைக்கும்போதே மூத்த பிள்ளையும் எழுந்துவிடுகிறது. காலைப் பள்ளி ஏழு மணிக்கு. தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடுவது அப்பா அல்ல, நவ்வி படிக்கும் அக்கா.

ஜூனில் பதினைந்து நாள் போனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு இரண்டு புத்தகம். பீஜ்கணித் (இயற்கணிதம்) ஒன்று, பூமிதி (வடிவியல்) ஒன்று. பீஜ்கணிதத்தின் முதல் பாடம் கணங்கள், இரண்டாவது மெய்யெண்கள், மூன்றாவது பல்லுறுப்புக் கோவைகள். எட்டு வரை பார்த்திராத குறியீடுகள் அந்த முதல் பாடத்திலேயே வருகின்றன. அவற்றைப் படிக்கத் தெரியாமல் ஜூலையில் வந்து உட்காரும் பிள்ளை, தனக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிவிடும். ஆசிரியரும் அதையே நம்பத் தொடங்குவார். கொடைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள், போகும் டிக்கெட்டைப் பிறகு எடுங்கள். இந்த ஓராண்டு மட்டும்.

3. சொல்லிக்கொடுக்காத பெற்றோர்

என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் குற்றவாளிபோல் நிற்கிறார்கள். "எனக்கே அஞ்சாங்கிளாஸ் தாண்டல சார், அதுவும் தமிழ்ல. இவன் மராட்டியில படிக்கிறான். நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?" என்பார்கள். அடுத்த கேள்வி, எந்த க்ளாஸில் சேர்க்கலாம் என்பது.

2009இல் நான்சி ஹில், டயானா டைசன் என்ற இருவர், நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் படிப்பில் பெற்றோர் காட்டும் ஈடுபாட்டைப் பற்றி அதுவரை வந்த ஐம்பது ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். பெற்றோர் வீட்டுப்பாடத்தில் நேரடியாக உதவுவதால் உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. மிகுந்த பலனோடு சேர்ந்து நின்றது வேறொன்று. படிப்பு எதற்கு, அது எங்கே கொண்டுபோகும், இன்று படித்தது நாளை எதற்குப் பயன்படும் என்று வீட்டில் பேசுவது; பிள்ளை தன் வேலையைத் தானே திட்டமிடப் பழக்குவது. அவர்கள் அமெரிக்கக் குடும்பங்களைத்தான் பார்த்தார்கள். ஆனால் இந்த ஒரு முடிவு எழுத்தறியாத பெற்றோருக்கும் கைக்கெட்டுவது. அதனாலேயே இதை நான் வலியுறுத்துகிறேன்.

பேசுவது என்றால் அறிவுரை சொல்வது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "நான் பட்ட கஷ்டம் நீ படக்கூடாது" என்ற வசனத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். "எத்தனை மார்க்?" என்பதும் பேச்சு ஆகாது, அதற்கு ஒரு எண்தான் பதில், அதோடு வாய் மூடிக்கொள்ளும். "இன்னிக்குக் கணக்கு டீச்சர் போர்டுல என்ன போட்டாங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. மராட்டியில் படித்ததைத் தமிழில் சொல்ல முயலும்போது, தனக்கு எங்கே புரியவில்லை என்பது அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். அடுத்த நாள் ஆசிரியரிடம் கேட்க ஒரு கேள்வி கையில் இருக்கும். வீட்டில் தமிழ் பேசுவதால்தான் மராட்டி வரவில்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே பீஜ்கணிதப் புத்தகத்தில் ஆறாவது பாடம் பணத்தைத் திட்டமிடுவது பற்றியது: வருமானம், சேமிப்பு, முதலீடு, வருமான வரி. கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாக்களே, அந்த வாரம் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பிள்ளை முன் வையுங்கள். பி.எஃப். எவ்வளவு பிடிக்கிறார்கள், ஈ.எஸ்.ஐ. எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு. சுயஉதவிக் குழுவில் இருக்கும் அம்மாக்களே, கடன் புத்தகத்தைக் காட்டி வட்டியைப் போடச் சொல்லுங்கள். வீட்டு வரவுசெலவைப் பிள்ளையிடம் மறைத்துக்கொண்டே பொறுப்பு வரவில்லை என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை.

க்ளாஸ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஜூனிலேயே பணத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பு தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். முதல் 'கட்டக் சாச்சணி' (அலகுத் தேர்வு) விடைத்தாள் வரட்டும். எந்தப் பாடத்தில் இடறல் என்று பார்த்து, அந்த ஒன்றுக்கு மட்டும் சேருங்கள். ஆறு பாடத்துக்கும் க்ளாஸ் போகும் பிள்ளைக்குத் தானாக உட்கார்ந்து படிக்கும் நேரமே மிஞ்சாது.

4. பெயரும் தாக்லாவும்

பதிவேட்டிலும் தாக்லாவிலும், அதாவது பள்ளி விடுப்புச் சான்றிதழிலும், ஏறும் பெயரைப் பற்றிய இந்தப் பகுதியைச் சொற்பொழிவில் சேர்ப்பதா என்று அமைப்பாளர்கள் தயங்கினார்கள். எனக்குத் தெரிந்த வரை, புனேத் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் அலைவது இதற்காகத்தான்.

மகாராஷ்டிரத்தில் பள்ளிப் பதிவேட்டில் பெயருக்கு மூன்று பகுதி வேண்டும்: குடும்பப்பெயர், பிள்ளை பெயர், அப்பா பெயர். நமக்கு இருப்பது ஒரு முதலெழுத்தும் ஒரு பெயரும். முதல் வகுப்பில் சேர்த்த அன்று வரிசையில் நின்ற அம்மாவிடம் "ஆட்நாவ் காய்?" (குடும்பப்பெயர் என்ன?) என்று கேட்டார்கள். ஒருவர் சாதிப் பெயரைச் சொன்னார், ஒருவர் தாத்தா பெயரைச் சொன்னார், ஒருவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். ஆதாரில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பதிவேட்டில் ஒன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாவது பதிவேட்டில் உள்ளதுதான். அதுவே கடைசி வரை பிள்ளையின் பெயர்.

பிள்ளை அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போது ஆதாரம் காட்டி, கல்வி அதிகாரியின் ஒப்புதலோடு பதிவேட்டைத் திருத்த வழி இருக்கிறது. பள்ளியை விட்டு வந்த பிறகு அது பெரும்பாடு. பத்தாம் வகுப்பில் வாரியத்துக்குப் படிவம் போகும் நேரத்தில் ஓடாதீர்கள். ஒன்பதின் முதல் பருவத்திலேயே தலைமையாசிரியரிடம் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி, பிறந்த ஊர், சாதி என ஐந்தையும் விரல் வைத்துப் பாருங்கள்.

சாதிச் சான்று பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாகவோ பிற்படுத்தப்பட்டோராகவோ இருப்பதால் மட்டும் மகாராஷ்டிர அரசின் இடஒதுக்கீடு இங்கே கிடைத்துவிடாது. குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு, பட்டியல் சாதியினர் 1950 ஆகஸ்ட் 10க்கு முந்தைய ஆதாரம் காட்ட வேண்டும். பிற பிற்படுத்தப்பட்டோர் 1967 அக்டோபர் 13க்கு முந்தைய ஆதாரம் காட்ட வேண்டும். இடம்பெயர்ந்து வந்த பட்டியல் சாதியினருக்கு வந்த மாநிலத்தில் அந்தச் சலுகை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 1994இல் மகாராஷ்டிரம் தொடர்பான வழக்கிலேயே சொல்லிவிட்டது. இது நியாயமா என்பது தனி விவாதம். என் கருத்தில் இது நியாயமில்லை. ஆனால் டிப்ளமா சேர்க்கை வரிசையில் நின்றுகொண்டு இதை முதல்முறை கேள்விப்படுவது கொடுமை. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் தாத்தா வேலை பார்த்த குடும்பங்கள் பழைய வேலைச் சீட்டு, ரேஷன் அட்டை, பள்ளித் தாக்லா எதையும் எறிந்துவிடாதீர்கள். அவகாசம் இருக்கும்போதே தேடுங்கள்.

5. ஊருக்கு அனுப்புவது

"இங்க கெட்டுப் போறான், பாட்டிகிட்ட விட்டுடறோம்." எட்டு முடிந்த கையோடு இந்தப் பேச்சு பல வீடுகளில் எழும். பெண்பிள்ளை என்றால் வேறு காரணமும் சேரும்.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இங்கே 2020ஆம் ஆண்டின் சட்டத்தால் மராட்டி கட்டாயம். இரண்டு மாநிலமும் தம் மொழியைக் காக்கச் செய்தது சரிதான். இரண்டுக்கும் நடுவில் மாட்டுவது நம் பிள்ளை. வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்புச் செய்யுளும் இலக்கணமும் எழுதத் தெரியாது. ஒரே ஆண்டில் மொழி, பாடத்திட்டம், தோழர்கள், வீடு நான்கும் மாறினால் பெரியவர்களே தடுமாறுவோம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஆறாம் வகுப்பில் அனுப்பியிருக்க வேண்டும். இப்போது வேண்டாம்.

6. கைப்பேசி, உறக்கம்

இதைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள், சுருக்கமாக முடிக்கிறேன். இந்த வயதில் உடலே உறக்கத்தைத் தள்ளிப்போடும். ஆனால் எட்டு மணி நேரமாவது உறங்க வேண்டும். ஒரே அறை வீட்டில் பதினொரு மணிக்கு அப்பா சீரியலும் ரீல்ஸும் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை எங்கே உறங்கும்? எந்த விதி போட்டாலும் வீட்டில் எல்லாருக்குமாகப் போடுங்கள்.

7. பள்ளிக்குள் நமக்குள்ள இடம்

பாலக் சபாவில் (பெற்றோர் கூட்டத்தில்) நம்மவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். மராட்டி சரளமாக வராது என்ற கூச்சம். 2011ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஒவ்வொரு பெற்றோரும் பெற்றோர்-ஆசிரியர் சங்க உறுப்பினர். நிர்வாகக் குழுவுக்குப் பெற்றோரைக் குலுக்கல் முறையில்தான் எடுக்க வேண்டும். பள்ளி சொல்லும் கட்டணம் அந்தக் குழுவின் முன் வந்தாக வேண்டும். பேச்சுத் திறமைக்கு அங்கே வேலை இல்லை, பெயர் கொடுத்தால் போதும்.

வகுப்பாசிரியரிடம் கேட்க இரண்டு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் எத்தனை நாள் வரவில்லை? எந்தப் பாடத்தில் பயம்? மதிப்பெண் 'பிரகதி புஸ்தக்' என்ற முன்னேற்ற அறிக்கையிலேயே இருக்கிறது, அதைக் கேட்க வேண்டாம். ஒருவேளை பிள்ளை ஒன்பதில் தவறிவிட்டால், "தாக்லா வாங்கிட்டுப் போங்க, 17ஆம் நம்பர் ஃபார்ம்ல தனித்தேர்வா எழுதட்டும்" என்ற யோசனை வரலாம். வேறு வழியே இல்லாதவர்களுக்கு உதவும் ஏற்பாடு அது. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே தள்ள அதைப் பயன்படுத்த விடாதீர்கள். அதே வகுப்பில் மீண்டும் உட்காரட்டும். ஓராண்டு போவதில் அவமானம் ஒன்றுமில்லை.

இறுதியாக இந்த அவையை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பில் 90 விழுக்காடு எடுத்தவர்களுக்குச் சால்வை போர்த்தும் விழாவை ஆண்டுதோறும் சிறப்பாக நடத்துகிறீர்கள். நடத்துங்கள். கூடவே ஜூலையிலும் நவம்பரிலும் ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் இதே கூடத்தில் ஒரு மேசை போடுங்கள். மராட்டி எழுதப் படிக்கத் தெரிந்த நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் உட்காரட்டும். கட்டணச் சீட்டு, பள்ளிச் சுற்றறிக்கை, பதிவேட்டு நகல், உதவித்தொகைப் படிவம் எதுவானாலும் படித்துச் சொல்லட்டும். பள்ளிக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து உட்காருகிறேன். நவ்வியில் பிள்ளை வைத்திருப்பவர்கள் போகும்போது வாசலில் உள்ள நோட்டில் பெயரும் பள்ளியும் எழுதிவிட்டுப் போங்கள்.